தலைமாட்டுக் குரல்

தலைமாட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்த என் வசந்தா அக்காவுக்கு,

மலர் எழுதுகிறேன். நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கத் தோன்றும் என்பதால் விட்டுவிடுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத அவசியம் எங்கே வந்தது? நாள் தவறாமல் என் காரில், எனக்கு இடப்பக்கத்து இருக்கையில் அல்லவா இருந்தீர்கள்.

ஒரு சேதி இருக்கிறது, அக்கா. எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். உங்கள் வாசலில் காரை நிறுத்திவிட்டு எத்தனை காலைகள் காத்திருந்திருக்கிறேன்? நீங்கள் கண்ணாடியைத் தேடி, செருப்பைத் தேடி, தேடியது எது என்பதையே மறந்து திரும்ப உள்ளே போய்விட்டு வருவீர்கள். இப்போது கொஞ்சம் நீங்கள் காத்திருங்கள்.

உங்கள் இருக்கையைப் போன வாரம்வரை நீங்கள் சாய்த்துவைத்த சாய்விலேயேதான் வைத்திருந்தேன். வேறு யாராவது ஏறினால் நிமிர்த்திக்கொள்வார்கள். அவர்கள் இறங்கியதும் நான் மறுபடி சாய்த்துவைப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். நீங்கள் பார்த்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். நான் குழந்தைகள் டாக்டர். நாமக்கல், ராசிபுரம், எருமப்பட்டி பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் எங்களைப் போன்றவர்கள் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதில்லை. சிசேரியன் என்றால் கூப்பிடுவார்கள், ஓடுவோம். தாயைப் பார்த்துக்கொள்ள அக்கா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான். தலைமுறை ஒன்று வளர்ந்து நிற்கும் அளவுக்கு வருஷங்கள் ஒரே காரில் போனோம்.

முகூர்த்த நாள் வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம்தான். எல்லாக் குடும்பத்துக்கும் அதே நல்ல நேரம்தான் வேண்டும். எருமப்பட்டியில் ஒருத்தி மேசைமேல் இருப்பாள், ராசிபுரத்தில் இன்னொருத்தி வீட்டார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஜோசியர்களைத் திட்டிக்கொண்டே வண்டியை விரட்டுவேன். நீங்களோ வாயைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குவீர்கள். ஊருக்கெல்லாம் மயக்கம் கொடுக்கிறவர் தனக்கு மட்டும் ஓசியில் போட்டுக்கொள்கிறார் என்று நான் முணுமுணுப்பேன்.

தை மாதத்துக் காலைகள் நினைவிருக்கிறதா? பனி இறங்கிச் சமவெளி முழுக்க வெள்ளையாக மூடிக்கிடக்கும். மரவள்ளிக் காடும் தெரியாது, கோழிப்பண்ணையும் தெரியாது. கொல்லிமலை மட்டும் அடிவாரம் இல்லாமல் மேலே மிதந்துகொண்டிருக்கும். எதிரில் முட்டை லாரி ஒன்று வெளிச்சத்தைத் தள்ளிக்கொண்டு வரும், போகும். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லின் புளித்த வாசனை வந்தால் ராசிபுரம் நெருங்கிவிட்டது என்று கண்ணைத் திறக்காமலே சொல்வீர்கள். அந்தப் பனிக்குள் போகும்போதெல்லாம் நாம் எங்கேயோ புறப்பட்டு வேறெங்கேயோ போய்ச் சேரப்போகிறோம் என்று எனக்குத் தோன்றும். நான் இதை உங்களிடம் சொன்னதில்லை. நான் எதைத்தான் சொன்னேன்?

பிறந்ததும் வீறிட்டு அழுகிற பிள்ளைக்கு நான் தேவையில்லை. துடைத்துச் சுற்றிக் கொடுத்துவிட்டு காபி குடிக்கப் போகலாம். அழாத பிள்ளைக்குத்தான் நான். வயிற்றிலிருந்து வெளியே வந்தாயிற்று, ஆனால் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. நீலம் பாய்ந்து, கைகால் துவண்டு, என் உள்ளங்கைகளில் அப்படியே கிடக்கும். இத்தனை நாளும் தண்ணீருக்குள் இருந்த பிள்ளை. அதன் நெஞ்சுக்குள்ளும் தண்ணீர்தான். காற்று என்று ஒன்று இருக்கிறது, அதை இழுக்க வேண்டும் என்று இனிமேல்தான் அதற்குத் தெரிய வேண்டும். அந்த நடு இடத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் ஏதோ கனவில் இருப்பதுபோல இருக்கும். எழுப்புவதற்கே மனசு வராது. ஆனால் எழுப்பியாக வேண்டும், அதுவும் உடனே.

ஈரம் போகத் துடைப்பேன், ஈரத் துணியை உருவி எறிவேன், சூட்டு விளக்கின் கீழ் காய்ந்த துணியில் கிடத்துவேன். தலையைச் சரியாக வைத்து, வாயிலும் மூக்கிலும் அடைப்பு இருந்தால் எடுத்துவிட்டு, முதுகைத் தேய்ப்பேன், உள்ளங்காலைச் சுண்டுவேன். அதற்கும் மசியவில்லை என்றால் மூக்கையும் வாயையும் மூடுகிற சின்ன மாஸ்க்கை வைத்து, கைக்கடக்கமான அந்த ஆம்பு பையை அமுக்கிக் காற்று கொடுப்பேன். அதற்கு ஒரு தாளம் உண்டு. ஊது என்று சொல்லும்போது அமுக்க வேண்டும், ரெண்டு, மூணு என்று சொல்லும்போது விட வேண்டும். அதிகம் அமுக்கினால் பிஞ்சு நெஞ்சு தாங்காது, குறைந்தால் போதாது. ஊது, ரெண்டு, மூணு. நம் இருவருக்கும் தெரிந்த ஒரே பாட்டு அதுதான்.

இவ்வளவும் நான் செய்துகொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி விழித்துக்கொண்டு படுத்திருப்பாள். சிசேரியனுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும். மனசு மரத்துப்போகாது. நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருப்பார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் கேட்கும். அழுகைச் சத்தம் வரவில்லை என்பது எல்லாவற்றையும்விட நன்றாகக் கேட்கும். ஏன் அழவில்லை என்று கேட்பாள்.

ஒன்றுமில்லை, கம்மென்று படு என்றுதான் எல்லா ஊரிலும் சொல்வார்கள். நீங்கள் மட்டும் சொன்னதேயில்லை. அவள் தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதருகே குனிந்து, பார்ப்பதைப் பார்க்கப் பார்க்கச் சொல்வீர்கள். அந்தச் சேலம் பேச்சு இப்போதும் என் முதுகில் கேட்கிறது.

“இன்னும் அழுவல கண்ணு. மலர் டாக்டர் கையில இருக்குது. இப்ப தொடைக்கறாங்க. இப்ப காத்து குடுக்கறாங்க. நெஞ்சு ஏறி எறங்குது. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

இது எதற்கு, அவளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று ஒருநாள் காரில் கேட்டேன். பாதி உடம்பு மரத்துப்போய்க் கிடப்பவளுக்குக் காது ஒன்றுதான் மிச்சம், அதில் போய்ப் பொய்யை ஊற்றச் சொல்கிறாயா என்று என்மேல் எரிந்து விழுந்தீர்கள். பிறகு சேலம் அம்மாபேட்டையில் உங்கள் பிறந்த வீட்டில் தறிச் சத்தம் நின்றால்தான் எல்லோருக்கும் விழிப்பு வரும் என்று எதையோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தூங்கிவிட்டீர்கள். வந்து சேராமலே போன பிள்ளைகளும் உண்டு. அந்தத் தாய்மார்களுக்கும் நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த நாட்களில் திரும்பும்போது நீங்கள் தூங்க மாட்டீர்கள். நானும் யாரையும் திட்ட மாட்டேன்.

நான் பேசுகிறவள் இல்லை. கை வேலை செய்யும்போது என் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். சிஸ்டர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் உங்களுக்கும் தெரியும், எனக்குத் தெரியாதென்று கடைசிவரை நடித்தீர்கள். நமக்குள் அப்படிப் பிரிந்திருந்தது வேலை. கைகள் என்னுடையவை, குரல் உங்களுடையது. அதில் எனக்குக் குறையே இருந்ததில்லை.

போன ஆடியில் அந்தக் குரல் போய்விட்டது. யாரும் மயக்கம் கொடுக்காமலே ஒரு மதியத் தூக்கத்தில் போய்விட்டீர்கள். உங்களை எழுப்ப உங்கள் மகள் தாரணி போட்ட சத்தத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கனவு வர ஆரம்பித்தது. நிலக்கடலைக் காட்டு நடுவில் ஆபரேஷன் தியேட்டர். சுவர் இல்லை, கூரை இல்லை, பெரிய விளக்கு மட்டும் நிலாவைப்போல மேலே நிற்கிறது. பனி முழங்கால் அளவுக்கு இருக்கிறது. நான் ஒரு பிள்ளையை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து பேசுகிறீர்கள், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. மேசையில் இருப்பவள் என்னைப் பார்க்கிறாள். யாரென்று முகம் தெரியும் முன்னால் விழித்துக்கொள்வேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

தாரணியை வெண்ணந்தூரில் கட்டிக்கொடுத்ததுவரை நீங்கள் பார்த்தீர்கள். அவள் முழுகாமல் இருப்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் காரியம் முடிந்து கொஞ்ச நாளில்தான் அவளுக்கே தெரிந்தது. பிள்ளை நன்றாக வளர்ந்தது, ஆனால் தலை கீழே திரும்பவே இல்லை. அம்மா வயிற்றுக்குள் சம்மணம் போடாத குறையாக நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. ராசிபுரத்தில் நர்சிங் ஹோம் வைத்திருக்கும் நம் கமலம் மேடம்தான் பார்த்தார். சிசேரியன் என்று முடிவானது. அன்று சாயங்காலம் தாரணி என் வீட்டுக்கு வந்தாள். உங்களைப்போலவே செருப்பை ஒரு மூலைக்கு ஒன்றாக விட்டாள்.

“அம்மா எடத்துல யாரு வேணா உக்காரட்டும் சித்தி. பாப்பாவ நீங்கதான் வாங்கணும்.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, கை நடுங்கும், சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நல்ல ஆள் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் காரணங்கள் வைத்திருந்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் பயந்தேன், அக்கா. உங்கள் ஒரே மகளின் பிள்ளை என் கையில் அழாமல் கிடந்தால், என் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு யார் சொல்வார்கள்? அன்றிலிருந்து என் நெஞ்சில் கிடந்தது இந்த ஒரு கேள்விதான்.

அவள் மாமியாரை உங்களுக்குத் தெரியும். விசைத்தறிக்கு நடுவிலேயே வாழ்ந்து, எதிரில் இருப்பவர் பக்கத்தில் நின்றாலும் உரக்கப் பேசுகிற மனுஷி. நல்லவர். ஜோசியரிடம் போய் ஒரு காலை நேரத்தைக் குறித்துவந்துவிட்டார். மேடத்துக்கும் அது ஒத்துவந்தது, பிள்ளைக்கும் மாதம் நிறைந்திருந்தது, நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். சிக்கல் வந்தது துணியில்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பது நம் பக்கத்து வழக்கம். நன்றாக வாழ்ந்தவர்கள் உடுத்தி, துவைத்துத் துவைத்து நைந்த பருத்தித் துணிதான் முதலில் மேலே பட வேண்டும். அவர்கள் வீட்டில் அடுக்கடுக்காகப் புதுச்சேலை கிடக்கிறது, ஒன்றும் உதவாது. மாமியார் தன்னுடைய பழைய சேலையைக் கிழித்து, பூந்திக்கொட்டையில் அலசி, வெயிலில் காயவைத்து எடுத்துவந்திருந்தார். தாரணி பைக்குள்ளிருந்து உங்கள் கிளிப்பச்சைச் சேலையை எடுத்தாள். காரில் போர்த்திக்கொண்டு தூங்குவீர்களே, அதே சேலை.

மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் என்ன, வார்டு முழுக்கக் கேட்டது.

“தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டரம்மா. சம்மந்தியம்மா மேல எனக்கு உசுருங்க. ஆனா இருக்கறவங்க துணிதானுங்க மொத மொதல்ல மேல படோணும்.”

தாரணி உள்ளே கேட்டுக்கொண்டு அழுதாள். அவளுக்கு அம்மா வேண்டும், இவருக்குப் பேரப்பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது. இரண்டில் எதைத் தப்பென்பது? முதலில் படுவது அவர் துணிதான், அதற்கு நான் பொறுப்பு என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் கும்பிட்டார். உள்ளே போய் இரண்டு துணியையும் சிஸ்டர் ராஜாத்தியிடம் கொடுத்துச் சூட்டு விளக்கின் கீழ் வைக்கச் சொன்னேன். மேலே அவருடையது, அடியில் உங்களுடையது. எங்கள் வேலையில் முதல் துணிக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் அவரிடம் விளக்கவில்லை. உங்களோடு இத்தனை வருஷம் சுற்றியதில் இந்தத் திருட்டுத்தனம்தான் எனக்கு ஒட்டியிருக்கிறது.

மாசி பிறந்திருந்தது, அன்றும் பனி. சாலை முழுக்கக் காலியாக, காது அடைத்ததுபோல இருந்தது. சேகோ மில் வாசனை வந்தபோது பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பி ராசிபுரம் வந்துவிட்டது என்று சொல்லப் பார்த்தேன்.

உங்கள் இடத்தில் ஒரு இளம் டாக்டர் வந்திருந்தார். நல்ல பையன். முதுகில் ஊசி போட்டது தாரணிக்கு வலிக்கவேயில்லை. ஆனால் கண் மானிட்டரை விட்டு இறங்காது, வாய் திறக்காது. இன்னொரு நான் என்று நினைத்துக்கொண்டேன். கமலம் மேடம் ஆரம்பித்தார். குறித்த நேரத்துக்குள் கால்கள் வந்தன, உடம்பு வந்தது, தலை மட்டும் கொஞ்சம் தாமதித்து வந்தது. அவ்வளவுதான். யார் மேலும் பிழையில்லை. நிமிர்ந்திருக்கிற பிள்ளைகள் சில நேரம் அப்படித்தான் வருவார்கள்.

என் கைக்கு வந்தபோது துவண்டு கிடந்தாள். ஆமாம், அவள். பெண்.

மாமியாரின் துணியில் வாங்கினேன். தலை, முதுகு, கைகால் என்று அழுத்தித் துடைத்தேன். அசைவில்லை. ஈரமான அந்தத் துணியை உருவிப் போட்டேன், உங்கள் சேலையில் கிடத்தினேன். முதுகைத் தேய்த்தேன், காலைச் சுண்டினேன். ஒன்றும் இல்லை. ராஜாத்தி தொப்புள்கொடியைப் பிடித்துத் துடிப்பைப் பார்த்து, எனக்குத் தெரியும்படி விரலால் தட்டிக் காட்டினார். விரல் நிதானமாகத் தட்டியது. அவ்வளவு நிதானம் ஆகாது, அக்கா.

மாஸ்க்கை வைத்து அமுக்கினேன். நெஞ்சு ஏறவில்லை. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“சித்தி, பாப்பா ஏன் அழுகல?”

அந்தத் தம்பி மானிட்டரைப் பார்த்தார். கமலம் மேடத்தின் கை வயிற்றுக்குள் இருந்தது. நான் காத்திருந்தேன். பல வருஷப் பழக்கம், என் முதுகு தானாக உங்கள் குரலுக்குக் காத்திருந்தது. வரவில்லை. கனவில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள் யாரென்று அப்போது தெரிந்தது.

உங்கள் குரல் எனக்குள் இறங்கிப் பேசியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நீங்களே நம்ப மாட்டீர்கள். பேசியது நான்தான். தொண்டை கட்டிய காக்கைபோலக் கரகரவென்று, எருமப்பட்டிப் பேச்சில், திரும்பிப் பார்க்காமல் பேசினேன்.

“இன்னும் அழுகல சாமி. மூச்சு உடல. உசுரு இருக்குது, துடிக்குது. நான் காத்து குடுத்துட்டிருக்கறேன்.”

சொல்லிக்கொண்டே பிள்ளையின் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மாஸ்க்கை நன்றாகப் பொருத்தினேன். அமுக்கினேன். நெஞ்சு லேசாக ஏறியது. நெஞ்சு ஏறுது என்றேன். ஆனால் பேச ஆரம்பித்ததும் தாளம் தவறியது. வாய் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்ய எனக்குப் பழக்கமில்லை. ஊது என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்தினால் அவள் இருட்டில் கிடப்பாள். தாளத்தை விட்டால் பிள்ளை போய்விடும். நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே என் முன்னால் இருந்தது.

அப்போது பின்சீட்டு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் லீவு என்றால் தாரணி நம் காரின் பின்சீட்டில்தான் இருப்பாள். கடலை மிட்டாய் தின்றுகொண்டு, நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு பலூனை அமுக்கி அமுக்கி நம் பாட்டைப் பாடுவாள். நாமக்கல்லில் ஆரம்பித்தால் ஊர் போய்ச் சேரும்வரை நிறுத்த மாட்டாள். வாயை மூடு என்று நான்தான் அதட்டுவேன்.

“தாரணி, கார்ல எண்ணுவியே, அதே மாதிரி எண்ணு. நீ சொல்லு, நான் ஊதறேன்.”

மானிட்டர் மட்டும் கூவிக்கொண்டிருந்தது. பிறகு பச்சைத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உடைந்த குரலில் வந்தது.

“ஊது. ரெண்டு. மூணு.”

அமுக்கினேன், விட்டேன். ஊது. ரெண்டு. மூணு. அவள் சொல்லச் சொல்ல என் கை அவளுக்குக் கட்டுப்பட்டது. நெஞ்சு ஏறி இறங்கியது. கிளிப்பச்சைச் சேலைக்கு நடுவில் அந்தச் சின்ன நெஞ்சு, அவள் அம்மா சொன்னால் ஏறியது, சொல்லி முடித்தால் இறங்கியது. அந்தத் தம்பி மானிட்டரை விட்டுக் குனிந்து தாரணியின் நெற்றியில் கையை வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனிக்குள் போகும்போது எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியாதே, அந்த மாதிரி. ராஜாத்தியின் விரல் வேகமெடுத்தது. உதடு சிவந்தது. ஒரு விக்கல் வந்தது, இன்னொன்று. கால் உதைத்தது. முகம் கோணியது.

உங்கள் பேத்தி அழுதாள், அக்கா. முதலில் பூனைக்குட்டிபோல, அப்புறம் உங்கள் சம்பந்தியம்மா போல. இதுதான் சேதி.

தாரணி எண்ணுவதை நிறுத்தவில்லை. பிள்ளை வீறிட்டுக்கொண்டிருக்கிறது, இவள் அழுதுகொண்டே ஊது, ரெண்டு, மூணு என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறாள். நான் மாஸ்க்கை எடுத்துவிட்டு முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தேன்.

“போதும் சாமி. இனி அவளே ஊதிக்குவா.”

கொஞ்ச நேரம் விளக்கின் கீழேயே வைத்துப் பார்த்துவிட்டு, தாரணியின் கன்னத்தோடு கன்னம் வைத்துக் காட்டிவிட்டு, நானே வெளியே தூக்கிக்கொண்டு போனேன். மாமியார் எழுந்து வந்தார். பேத்தியின் முகத்தைப் பார்த்தார், சுற்றியிருந்த கிளிப்பச்சையைப் பார்த்தார். முதலில் பட்டது அவர் துணிதான், நான் சொன்னது சொன்னபடி என்று அவசரமாக ஆரம்பித்தேன். அவர் பல பிள்ளைகளைக் கையில் வாங்கியவர். அது நனைந்து போயிருக்குமே என்று மட்டும் சொன்னார். பிறகு பேத்தியை வாங்கிக்கொண்டு, தலைக்கு மேல் ஓடிய காற்றாடியைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடினார்.

“சம்மந்தியம்மா துணி நல்லாக் கெதகெதன்னு இருக்குதுங்க.”

அந்த மனுஷி அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஜோசியரிடம் நடையாய் நடந்து நேரம் குறித்துவந்தவர், பிறந்த நேரம் என்ன என்று கேட்கவே மறந்துபோனார்.

இப்போது இருவரும் நலம். பிள்ளை பால் குடிக்கிறாள், வாயைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குகிறாள். யாரைப்போல என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தச் சேலையை விட்டால் ஊரைக் கூட்டுகிறாள் என்று மாமியார் போனில் சொன்னார். போனை நான் காதிலிருந்து தள்ளித்தான் பிடித்திருந்தேன்.

முதல் மூச்சைக் கொடுத்தது சித்திதான் என்று எல்லோரும் என்னைக் காட்டுகிறார்கள். நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன். பை என் கையில் இருந்தது, அது உண்மை. எப்போது ஊத வேண்டும் என்று சொன்னவள் தாரணி. பின்சீட்டில் அவள் பாட்டை நிறுத்த வேண்டாம், பாடட்டும் விடு என்று என்னைத் தடுத்தவர் நீங்கள்.

அந்தக் கனவு அதற்குப் பிறகு ஒருமுறை வந்தது. அதே கடலைக் காடு, அதே விளக்கு, அதே பனி. நீங்கள் தலைமாட்டில் இருந்தீர்கள். இந்த முறை உங்கள் வாய் அசையவில்லை. சாய்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். பேச்சுச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. எழுப்பலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் எருமப்பட்டியில் ஒரு பிள்ளை அழாமல் வந்தது. காட்டு வேலை செய்யும் பெண், முதல் பிரசவம். அவள் கேட்பதற்கு முன்னால் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். துடைக்கிறேன் என்றேன், காற்று கொடுக்கிறேன் என்றேன். கை வேறு வாய் வேறாக வேலை செய்ய இன்னும் சரியாக வரவில்லை, பாதியில் இருமல் வேறு வந்தது. அங்கேயும் மயக்கம் கொடுக்க வந்திருந்த அந்தத் தம்பி அவள் காதருகே குனிந்து, நான் விட்ட இடத்திலிருந்து சொன்னார். பிள்ளை வந்துவிட்டது. திரும்பும்போது அவர் உங்கள் இருக்கையில் ஏறினார். நிமிர்த்திக்கொள்ளலாமா என்று கேட்டார். நிமிர்த்திக்கொள்ளுங்கள் தம்பி என்றேன். இறங்கிய பிறகும் அதைச் சாய்க்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்கு கொடுக்கிறேன். எந்த ஊர் மேசையானாலும், எனக்குப் பின்னால் படுத்திருப்பவள் யாரானாலும், அவள் என் முதுகைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடக்க விட மாட்டேன். நல்லதானாலும், நாம் தூங்காமல் திரும்பி வந்த அந்த நாட்களைப்போல ஆனாலும், பார்ப்பதைப் பார்த்தபடி சொல்வேன். குரல் கரகரப்பாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு நீங்கள் தூங்குங்கள், அக்கா. ஊர் வந்தால் நான் சொல்கிறேன்.

உங்கள் பேத்தியை உங்கள் சேலையில் ஏந்திய
உங்கள் தங்கச்சி,
மலர்